பேபிக்கு ஒரு கேக்

"இந்தக் குழந்தைக்கு எழுபத்தெட்டு வயசு," என்றான் டோமிங்.

அவன் மனைவி மெர்லிட்டாவின் கையிலிருந்த க்ரீம் பிழியும் பை அப்படியே நின்றது. மேசையில் மூன்றடுக்கு வெள்ளைக் கேக். உச்சியில் சாக்லேட் தொட்டில். அதற்குள் சர்க்கரை மாவில் செய்த குழந்தை கண்மூடித் தூங்கியது. சுற்றிலும் வெள்ளைப் பூக்கள், நான்கு மூலையிலும் மெழுகுவத்தி, தலைமாட்டில் இறக்கை விரித்த ஒரு தேவதை. கீழே, 'கடவுளின் பிள்ளையே, வருக!' என்று ஞானஸ்நான வாழ்த்து.

"காலங்காத்தால குடிச்சியா?"

"பாய் அல்காராஸ் வீட்டு கேக்தானே? அங்க ஏதுடி கைக்குழந்தை? பேபிங்கிறது அவர் பொண்டாட்டி! எத்தனை வாட்டி என் ட்ரைசைக்கிள்ல கோயிலுக்குப் போயிருக்காங்க. குட்டையா, வெள்ளை முடி, தடிக் கண்ணாடி."

எங்கள் லிபா ஊரில் இது ஒரு சாபக்கேடு. கடைக்குட்டியை ஆசையாகப் பேபி என்று கூப்பிடுவார்கள். பல் விழுந்தாலும் அந்தப் பேர் விழாது. அந்தப் பேபியைக் கட்டியவரும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் 'பாய்'தான், அதாவது பையன்தான்.

"போன்ல என்னதான் சொன்னாரு?"

"பேபிக்கு கேக் வேணும், ஞாயித்துக்கிழமை விருந்துன்னாரு. வெள்ளையா இருக்கட்டும், ஒரு தேவதை வைங்கன்னாரு. குரல் தழுதழுத்துது. பேரன் பொறந்த சந்தோஷம்னு நெனச்சேன்."

"பேபியம்மா கனடாவுல மக வீட்டுக்குப் போயிருந்தாங்க. பிறந்தநாளுக்குத் திரும்பி வந்திருப்பாங்க. மனுஷன் உருகாம என்ன செய்வாரு?"

மெர்லிட்டா அடுப்பைப் பார்த்தாள். கேக் வேகவைக்கும் அந்த அடுப்புதான் அவளுக்கு உயிர். அதற்குத்தான் இப்போது ஆபத்து. போன வாரம் ஒரு நிச்சயதார்த்தக் கேக்கில் மாப்பிள்ளையின் பழைய காதலி பேரை எழுதித் தொலைத்தாள். கேக் முழுசாகத் திரும்பி வந்தது. வீணாக்க அவளுக்கு மனசு வருமா? காலையில் முட்டையில் தோய்த்துப் பொரித்தாள். மத்தியானம் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைத்தாள். சாயங்காலம் தூளாக்கி மீன்மேல் தடவினாள். இதோ, இன்று காலை டோமிங்கின் தட்டிலிருக்கும் பூண்டுச் சோற்றில் நேற்றைய பன்றிக்கறியோடு அதே கேக்கின் மிச்சம் கிடந்தது.

"இன்னொரு கேக் திரும்பி வந்துச்சு, அடுப்பு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடும். குழந்தை யேசு மேல சத்தியம்," என்றான் அவன், சோற்றிலிருந்து ஒரு செர்ரிப் பழத்தைப் பொறுக்கி எறிந்தபடி. அவன் அக்கா இசிங், அடுப்பு வைக்கத் தன் சமையலறையில் இடமே ஒதுக்கிவிட்டாள். அவ்வளவு நல்ல மனசு.

மெர்லிட்டா பாய் அல்காராஸுக்குப் போன் போட்டாள்.

"ஐயா, கேக்... நம்ம பேபியம்மாவுக்குத்தானே?"

"வேற யாருக்கும்மா?" என்றார் கிழவர். தொண்டை அடைத்தது. இணைப்பு அறுந்தது.

"பாவம், எவ்வளவு சந்தோஷம் பாரேன்!" என்று சொல்லிவிட்டு மெர்லிட்டா வேலையில் இறங்கினாள். புதிதாகக் கேக் செய்ய நேரமில்லை, முட்டையும் இல்லை. குழந்தையைக் கிழவியாக்க வேண்டும், அவ்வளவுதானே? தேங்காய்த் துருவலை ஒட்டினாள், வெள்ளை முடி. சாக்லேட் கோட்டில் கண்ணாடி. கத்தி நுனியால் நாலு சுருக்கம். வாழ்த்தையும் சுரண்டி எடுத்தாள்.

பிறகு இரண்டடி தள்ளி நின்று பார்த்தவள், வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

நீளமான பெட்டி. அதற்குள் கண்மூடி மல்லாந்து கிடக்கும் கிழவி. சுற்றிலும் பூ. நாலு மூலையிலும் மெழுகுவத்தி.

டோமிங் தட்டோடு எழுந்து சிலுவை போட்டுக்கொண்டான். "அடிப்பாவி! உசுரோட இருக்கற மனுஷியைப் பெட்டியில போட்டுட்டியே!"

"கத்தாதய்யா! போர்வை போத்தினா தூங்கற மாதிரி இருக்கும்."

போர்த்தினாள். மார்புவரை போர்த்தியபோது இப்போதுதான் உயிர் போனது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே இழுத்ததும், போய் ரொம்ப நேரமானது போலிருந்தது.

"அந்தத் தேவதையை எடுத்துத் தொலை. கூட்டிட்டுப் போக வந்த மாதிரியே நிக்குது."

"கேட்டு வாங்கினது, எடுக்க முடியாது." இறக்கையை மட்டும் பிய்த்தாள். இறக்கை போன தேவதை தலை குனிந்து, சாவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டது.

மெர்லிட்டாவுக்கு அழுகை முட்டியது. சகுனம் பார்க்கிற ஊர் இது. பிறந்தநாளன்று இப்படி ஒரு கேக்கைப் பார்த்தால் அந்த அம்மா மாரடைத்துப் போவாள். அடுப்பு என்ன, ஊரைவிட்டே ஓட வேண்டியதுதான்.

"எழுப்பி நிக்க வை," என்றான் டோமிங். கோபம் போய் அவனுக்கும் பயம் வந்திருந்தது. "நிக்கற பொம்பளையை யாரும் செத்தவன்னு சொல்ல மாட்டாங்க."

தொட்டிலைக் கவிழ்த்து மேடையாக்கினாள். கிழவியை அதன்மேல் நிறுத்தினாள். கைக்குழந்தைக் கால் தாங்குமா? ஒன்று மளுக்கென்று ஒடிந்தது. ஒடிந்த காலை இடுப்புயரத்துக்குத் தூக்கி ஒட்டினாள். மிச்சமிருந்த ஊதா வள்ளிக்கிழங்கு அல்வாவில் ஒரு பாவாடை. கண்ணைத் திறந்து வைத்தாள்; சிவப்பு க்ரீமில் பெரிய சிரிப்பு. தேவதைக்கு இறக்கையைத் திரும்ப ஒட்டி, கையில் பிஸ்கட் கித்தார் கொடுத்தாள். இப்போது பேபியம்மா ஒற்றைக் காலைத் தூக்கிக் குத்தாட்டம் போட்டாள்.

"அட! உசுரு வந்துடுச்சுடி!" என்று டோமிங் கை தட்டினான். "வாழ்த்து என்ன எழுதப் போற?"

"நீயே சொல்லு."

"திரும்ப கனடா போகாம இருக்கணும்னுதானே அவரு ஆசைப்படுவாரு? அதையே எழுது."

மெர்லிட்டா கொட்டை எழுத்தில் எழுதினாள். 'எங்கேயும் போகாதே பேபி! இன்னும் நூறு வருஷம் இந்த வீட்டிலேயே இரு!'

அல்காராஸ் வீட்டு வாசலில் தெருவை அடைத்து வண்டிகள். உள்ளே அத்தனை பேரும் வெள்ளையில் இருந்தார்கள்.

"பார்த்தியா, கேக்குக்குப் பொருத்தமா உடுத்தியிருக்காங்க," என்று மெர்லிட்டா டோமிங்கின் காதில் கிசுகிசுத்தாள். வாசலில் நின்ற வேலைக்காரி இஸ்கா, கேக் பெட்டியை ஒரு கை பிடித்து நீளமான சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மேசையின் தலைப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்முன் ஒரு தட்டு நிறையச் சோறு, கறி, நூடுல்ஸ். ஆவி பறந்தது.

பாய் அல்காராஸே வந்து பெட்டியைத் திறந்தார்.

ஒரு அம்மாள் வாழ்த்தை வாய்விட்டுப் படித்து, பாதியில் அலறினாள். நூடுல்ஸ் கொண்டுவந்தவர் பாத்திரத்தைத் தரையிலேயே வைத்துவிட்டார். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சிலுவை போட்டார்கள். பாய் அல்காராஸ் சிரிக்கும் மனைவியைப் பார்த்தார், பிறகு மாடிப்படியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

மெர்லிட்டா கேக்கைப் பார்த்தாள். தூக்கிய கால் பிடிக்கவில்லையோ? கிழவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன, அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் போதும், அடுப்பு தப்பிக்கும். சட்டென்று முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு காலி நாற்காலியைக் காட்டினாள்.

"பேபியம்மா இன்னும் இறங்கி வரலையா? சாப்பாடு ஆறுதே!"

எல்லோரும் மாடிப்படியையே பார்த்தார்கள். சரி, நாமே கூப்பிடுவோம் என்று படியடிக்குப் போய், வீடே அதிரக் குரல் கொடுத்தாள்.

"பேபியம்மா! கீழ வாங்க! எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்!"

இஸ்கா ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"கூப்பிடாதீங்கக்கா! அவங்க கனடாவுல கண்ணை மூடி இன்னிக்கு நாப்பதாம் நாள். இப்பத்தான் ஃபாதர் வந்து ஜெபம் பண்ணி, அவங்க ஆவியை வழியனுப்பிட்டுப் போனாரு!"