தாலாட்டுக்கு மூன்று குமிழ்

இனிமேல் மதியத்தில் குழந்தையைக் கையில் வாங்குவதே இல்லை என்று அவர் சபதம் எடுத்துவிட்டார். விளம்பரங்களுக்கு இசை போடுகிறவர். வேலையெல்லாம் வீட்டின் கடைசி அறையில். மெட்டு கூடிவரும் நேரம் பார்த்துத்தான் மனைவி கதவைத் தள்ளுவாள். "கொஞ்சம் பிடிங்க, குளிச்சிட்டு வந்துடறேன்." இவர் கைக்கு வந்ததும் குழந்தை கூரை பிய்யும்படி அழும். அதற்கு அம்மா குரல்தான் வேண்டும்.

அந்த அம்மா குரலைச் சொல்லித்தான் அவரும் ஒரு வருஷமாகக் காலம் தள்ளிவந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் பழைய வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று அவள் வாயெடுத்தால் போதும். "உன் குரல் இல்லாம பிள்ளை தூங்குமா? பெத்தவ மாதிரி பேசு" என்று அடக்கிவிடுவார். அவளும் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

அந்தக் குரலையே சாம்ப்ளரில் பிடித்துப் போட்டுவிட்டால்? பதிந்த ஒலியை உள்ளே வைத்துக்கொண்டு, கட்டையைத் தட்டினால் திருப்பித் தருகிற பெட்டி அது.

"ரெண்டு வரி பாடு, போதும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். சிணுங்கினால் பாடுவது, வீறிட்டால் பாடுவது, அரைத்தூக்கத்துக்கு முனகுவது என்று கேட்காததையெல்லாம் பாடிக் கொடுத்தாள். வெகுளி, என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் குரல் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி ஓடியது. குழந்தை கண்டுபிடித்து அலறியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மிடி கன்ட்ரோலரைக் கொண்டுவந்து இணைத்தார். அதற்கென்று சொந்தமாக ஒரு ஓசையும் கிடையாது. சாம்ப்ளருக்கு உத்தரவு போடுவது ஒன்றே அதன் வேலை. அவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஒரு குமிழைத் திருகினால் குரல் தாழும். இன்னொன்றில் மென்மையாகும். மூன்றாவது, வரியை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கு. காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் குரல் எழும்பும், விட்டால் அடங்கும், மூச்சு மாதிரி.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"எந்தக் குமிழுக்கு எந்த வேலைன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"பழக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கிட்டுக் குமிழைத் தொட்டாப் பிடிச்சுக்கும். ஒரே தடவைதான்."

"ஒரே தடவையிலயா! நமக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷம் ஆச்சு."

அது காதில் விழாத மாதிரி ஒரு குமிழை இறக்கினார். "இப்பக் கேளு. கரகரப்பை எடுத்துட்டேன். உன் நிஜக் குரலுக்கு இது எவ்வளவோ தேவலை, இல்ல?"

அவள் முகம் சுண்டிப்போனது. "ஆமா. எதிர்த்துப் பேசாது பாருங்க."

குழந்தை தூங்கியே விட்டது.

"பெடல்ல கால் வைக்காம தானா ஓடாதா?"

"ஓடினா முழிச்சுக்கும். பிள்ளை புரள்றதைப் பார்த்துப் பார்த்து மிதிக்கணும். இது கலை! கண்டவங்களால முடியாது."

"என்னாலகூடவா?"

"உன்னால எங்க? என்னால மட்டும்தான்."

"உங்களால மட்டும்தானா?"

"அடிச்சுச் சொல்றேன்."

"அப்போ சரிங்க. நாளையிலிருந்து வரேன்னு கடைக்காரர்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். பிள்ளைக்கு யாருன்னுதான் முழிச்சிட்டிருந்தேன்."

"உன் குரல் இல்லாம..." என்று அவர் ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் அவள் குரல் பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மெட்டு ஒன்றும் கூடவில்லை. பெடலில் வைத்த கால்தான் மரத்துப்போனது. பொழுது சாய அவள் வந்தாள். நகக்கண்ணில் கண்ணாடித் தூள். கையைக் கழுவிவிட்டு, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் அப்படியே சாய்ந்தாள். அப்பாடா என்று அவர் காலை எடுக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க" என்றாள், கண்ணை மூடியபடியே. "எனக்கும் இப்பத்தான் தூக்கம் வருது."