மறுவீட்டில் நான் இழுத்த நூல்

வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த நூலை இழுத்தது நான்தான்.

அறுபதுகளில் எனக்கு விழுப்புரத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி மூன்றாம் நாள், மறுவீட்டுக்குத் திண்டிவனம் போயிருந்தோம். மாமனார் தையல்காரர். மத்தியான விருந்துக்கு முன் என் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தைத்துத் தந்திருப்பார். (கேட்டால் மாப்பிள்ளை கௌரவம் என்னாவது?) நானே தைக்க உட்கார்ந்தேன். உருண்டோடிய பொத்தானைத் தேட எழுந்தபோது, நூல் கோத்த ஊசியைப் பாய்மேல் போட்டுவிட்டுப் போனேன். அந்த வீட்டில் பச்சைக் குழந்தைகூடச் செய்யாத காரியம்.

திரும்பி வந்தால், என் மனைவி சரோஜா குட்டியிலிருந்து வளர்த்த பூனை முத்து, வாயைப் பிளந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தது. ஊசியைக் காணோம். வாயோரம் ஒரு சாண் நூல் தொங்கியது. ஐயையோ! பட்டத்தை இறக்குவதுபோல் இறக்கிவிடலாம் என்று நூலைப் பிடித்து இழுத்தேன். முத்து அலறிய அலறலில் சரோஜா ஓடிவந்தாள்.

மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் அப்போதுதான் பேசினாள்.

"கைய எடுங்க! இழுத்தா ஊசி உள்ள குத்திக்கினு செத்துப்பூடும்!"

"மீன் முள் சிக்கினா சோத்து உருண்டை முழுங்குவோமே, அதுமாதிரி..." என்று இழுத்தேன்.

ஒரு பார்வை பார்த்தாள். நூலைச் சட்டென்று விட்டுவிட்டேன்.

நூலை வெட்டாமல், எதுவும் ஊட்டாமல், பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பட்டுப்புடவையோடு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். என்ன தைரியம்! மாமனாரும், திறந்த சட்டையைக் கையால் பிடித்தபடி நானும் பின்னால் ஓடினோம்.

காளைகளுக்கு நடுவே டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் குறுக்கே நின்ற ஊசியை இடுக்கியால் எடுத்தார்.

"பொழச்சிக்கிச்சு. ஆனா நாக்கு அடியில கிழிஞ்சிருக்கே. யாரு நூல இழுத்தது?"

மாமனார் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை மரியாதை இத்தோடு காலி என்று நினைத்தேன்.

"நான்தாங்க சார்" என்றாள் சரோஜா.

"தையக்காரன் ஊட்டுப் பொண்ணு பண்ற வேலையாடி இது?" என்று மாமனார் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிற நான், வாயே திறக்கவில்லை.

இன்றும் சரோஜா ஊசியை எடுத்தால், "அத்தே, மொதல்ல பூனைய வெளிய உட்டுட்டு வரட்டுமா?" என்பாள் மருமகள். வீடே சிரிக்கும். சரோஜாவும் சிரித்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்ப்பாள். அன்றைக்குப் பாத்திரமெல்லாம் நான்தான் தேய்ப்பேன்.