புல்லுக்கடியில் யாரோ

அடம்பிடித்து வாங்கிய பொருளில் குறை இருந்தால், வாங்கியவர் கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. என் விஷயத்தில் தரையே நகர்ந்தது. அப்போதும் நான் காற்று என்றுதான் சொன்னேன்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரை உண்டு. அதை எங்கள் நாட்டு நாய் பூரி தோண்டித் தோண்டிக் குண்டும் குழியுமாக ஆக்கியிருந்தது. அந்தச் சமயத்தில் என் தங்கை நித்யாவுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வரன் அமைந்து, பையனும் அவன் அப்பாவும் முதல் பேச்சுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. அவளுக்கு நானும் என் கணவர் முரளியும்தான் எல்லாம்.

"தேங்காய் மட்டைத் துண்டு வாங்கிப் பரப்பிடலாம் கல்பனா. கால் சுடாது, ஈரத்தை இழுத்துக்கும், பூரியும் ஆசைக்குத் தோண்டிக்கும்" என்றார் முரளி.

"வர்றவங்க நம்ம வீட்டை நர்சரின்னு நினைச்சுப்பாங்க" என்றேன். செயற்கைப் புல்தான் வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். (போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளை நாய் பச்சைப் புல்லில் உருண்டு சிரித்தது.)

மன்னார்புரம் கடையிலிருந்து வந்தவர்கள், குழிகளை மூடி மண்ணைத் திமிசு போட்டு இறுக்கிய பிறகுதான் விரிக்க வேண்டும் என்றார்கள். அதற்கெல்லாம் நேரமில்லை என்று அப்படியே விரிக்கச் சொன்னேன். விரித்ததும், விளம்பரத்தில் வருவது போல இருந்தது.

பூரி அதில் கால் வைக்கவில்லை.

வெயிலில் புல் சுடுகிறது போலும் என்று தண்ணீர் தெளித்தேன். மறுநாள் விடியற்காலைக் குளிர்ச்சியிலும் பூரி இறங்கவில்லை. சுவரோரம் இருந்த குறுகலான சிமெண்ட் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நடந்தது. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தேன். முருங்கை இலைகூட அசையவில்லை. புல்லின் நடுவில் ஓரிடம் மெல்ல மேலே எழும்பி, மூச்சு விடுவது போலத் தாழ்ந்தது. சற்றுத் தள்ளி மறுபடி எழும்பியது. காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெறுங்காலோடு போய் அந்த இடத்தை மிதித்துப் பார்த்தேன். உள்ளங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாக, மெத்தென்று ஏதோ இருந்தது. பிறகு அது நழுவி விலகிப் போனது.

முரளியிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "மட்டைத் துண்டு போட்டிருக்கலாம்" என்பார். அதைக் கேட்பதற்குப் பேயோடு குடியிருக்கலாம் என்று தோன்றியது.

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் புல் மீது போட்டு வைத்திருந்தேன். பையனின் அப்பா நிதானமான மனிதர். கேசரித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "காத்தோட்டமா இருக்கும்மா" என்றார். பிறகு சிமெண்ட் விளிம்பில் அசையாமல் நின்ற பூரியைப் பார்த்தார்.

"நாய் ஏம்மா என்னையே பாக்குது?"

"உங்களைப் பாக்கலைங்க சார்."

"பின்ன யாரைப் பாக்குது?"

பூரியின் பார்வை அவருடைய நாற்காலிக்கு அடியில் இருந்தது. அவரும் குனிந்தார். அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் புல் மெதுவாக எழும்பியது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு அவரது இடது கால் விரல்களை நோக்கி நகர்ந்தது.

அவர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் சம்மணமிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். காபி கொண்டு வந்த நித்யா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, புல்லு நடக்குது" என்றாள்.

ஆமாம். முருங்கைப் பக்கத்திலிருந்து சின்னச் சின்னப் புடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய் வந்துகொண்டிருந்தன. அடியிலிருந்து கைக்குழந்தை சிணுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. பையன் மட்டும் முழங்காலிட்டுப் புல்லில் காதை வைத்துக் கேட்டான். "உள்ள குட்டி இருக்குங்க" என்று சொல்லி, முரளியோடு சேர்ந்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான்.

பூனை அளவுக்கு ஒரு பெருச்சாளி வெளியே வந்தது. அதன் வளைக்கு மேல்தான் நான் பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறேன். பூரி வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. பெருச்சாளி என் பாதத்தின் மேலேறிப் போனது. நான் பக்கத்திலிருந்த நாற்காலி மேல் தாவி ஏறினேன்.

அதில் ஏற்கெனவே பையனின் அப்பா இருந்தார்.

நாற்காலியின் கால்கள் நாலு பக்கமும் விரிந்தன. நான், அவர், கேசரி எல்லாரும் ஒன்றாகக் கீழே வந்தோம். சம்பந்தி ஆகப்போகிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் தோளில் முகம் புதைத்து நான் அலறியதாக முரளி சொல்கிறார். (அலறியது உண்மை. மற்றது எனக்கு நினைவில்லை.)

பையனின் அப்பா எழுந்து, காதோரம் ஒட்டியிருந்த முந்திரியை எடுத்துப் பார்த்தார்.

"அது போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சுங்க."

இந்த வரன் அவ்வளவுதான் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நித்யா முறத்தைப் பிடித்திருக்க, பையன் குட்டிகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தாய் ஓடிப்போன காலிமனைப் பக்கம் விடுவதற்கு. இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

"இங்க பேச்சு முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. நாம உள்ள போய் காபி சாப்பிடுவோம்" என்றார் அவர்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. புல்லைச் சுருட்டி மாடியில் போட்டோம். முரளி மட்டைத் துண்டு வாங்கி வந்து, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பரப்பினார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போதும் ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால், சம்பந்தி முதலில் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். நான் அதில் முழுசாக உட்கார்ந்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் தன் நாற்காலியில் உட்காருவார்.