முதல் வரியைத் தாண்டாதவர்கள்

அலுவலகப் பணியாளர்கள் அனைவரும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டது. அப்போது அதுதான் மோஸ்தர். மின் இணைப்பு அலுவலகத்தில் எல்லாரையும் அனுப்பினால் நாற்காலிகள் அநாதையாகிவிடுமே! அதனால் மறுத்துப் பேசத் தெரியாத எழுத்தர் ஒருவரைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனிதர் ஒரே வாரத்தில் மேதையாகத் திரும்பி வந்து, விண்ணப்பங்களைச் சோதித்துத் தானே பதில் சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதினார். அதிகாரி ரிப்பன் வெட்டினார்.

அன்றிலிருந்து இயந்திரம் வந்தவர் எல்லாருக்கும் 'நாளை வரவும்' என்று சீட்டுக் கொடுத்தது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. முன்பு இதையே எரிந்து விழுந்து சொன்னார்கள், இயந்திரம் மரியாதையாகச் சொல்கிறது என்று பாராட்டுத்தான் வந்தது.

புகார் கிளம்பியது எழுத்தரின் வீட்டில். அவருடைய அக்கா புதிதாகத் தையற்கடை போட்டிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைக்கிற ஆர்டரைப் பிடித்து, மோட்டார் வைத்த மிஷின்களையும் வாங்கிப் போட்டுவிட்டாள். கடைக்குத்தான் மின்சாரம் இல்லை. சீக்கிரம் இணைப்பு வராவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

"எல்லாத் தாளும் சரியா வெச்சிருக்கேன்டா. தினம் 'நாளைக்கு வா'ன்னு சொல்லுது உன் மிஷின். கூடப்பிறந்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கான்னுதான் பேரு. உப்புக்குப் பிரயோஜனம் உண்டா?"

"நான் பாக்கறேன்க்கா."

"பாத்துக் கிழிச்சே!"

எழுத்தருக்குச் சுருக்கென்றது. மறுநாள் முதல் வேலையாகப் புரோகிராமைத் திறந்தார். அதில் அவர் கைப்பட எழுதியிருந்தது இதுதான்: 'விண்ணப்பதாரர் வந்தால், நாளை வரச் சொல். இல்லாவிட்டால், தாள்கள் சரியாக இருக்கும்பட்சத்தில் இணைப்பு கொடு.' வந்தவன் எவனும் முதல் வரியைத் தாண்ட வழியில்லை. வராதவர்களுக்கு இணைப்பு கொடுக்க இயந்திரம் தயாராகவே இருந்தது, அவர்கள்தான் யாரும் வரவில்லை. அடப்பாவி, இத்தனை வருஷம் கவுன்டரில் பார்த்த வேலையை அப்படியே எழுதிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தாள்களைச் சோதிக்கும் வரியை மேலே ஏற்றினார். அவசரத்தில் நடுவிலிருந்த 'இல்லாவிட்டால்' விழுந்துவிட்டது. இப்போது தாள் சரியாக இருந்தவருக்கு இயந்திரம் இரண்டு சீட்டு நீட்டியது: 'இணைப்பு வழங்கப்பட்டது', 'நாளை வரவும்'. மக்கள் முதலாவதைக் கசக்கிப் போட்டுவிட்டு, நம்பத்தகுந்த இரண்டாவதைப் பத்திரப்படுத்தினார்கள். லைன்மேனும் இரண்டாவதையே மதித்து ஏணியை எடுக்காமல் இருந்தார்.

விழுந்த சொல்லைத் திரும்பச் சேர்க்க எழுத்தர் அதிகாரியிடம் அனுமதி கேட்டார்.

"இல்லாவிட்டாலா?" அதிகாரி முகம் சுளித்தார். "நம்ம ஆபீஸ்ல யாரையும் மிரட்டறதில்லையே."

"மிரட்டல் இல்ல சார். தாள் சரியா இருந்தா கொடு, இல்லாவிட்டால் மட்டும் நாளைக்கு வரச் சொல்லுன்னு அர்த்தம்."

"அப்ப சரியா வெச்சிருக்கறவங்க நாளைக்கு வர வேண்டாமா?"

"எதுக்கு சார் வரணும்?"

பணியில் சேர்ந்த நாளாக இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த நாள் வரிசையில் முதல் ஆள் அக்கா. ஒரே சீட்டு வந்தது. லைன்மேனும் வேறு வழியில்லாமல் ஏணியோடு வந்தார். கடையில் விளக்கு எரிந்ததும் அக்கா அழுதேவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. அதிகாரி வெறுங்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வரிசை இல்லாத அலுவலகத்தை எதற்கு வைத்திருப்பார்கள்? நல்லவேளையாக அச்சகக்காரர் ஒருவர் சீட்டோடு திரும்பி வந்தார்.

"சார், வந்த அன்னிக்கே கொடுத்துட்டாங்க. ஏதோ தப்பு நடந்திருக்கு. எதுக்கும் ஒருதரம் சரிபார்த்துடுங்க."

அவருக்குப் பின்னால் அதே சந்தேகத்தோடு ஒரு கூட்டம் வாசல்வரை நின்றது.

"பாத்தீங்களா, ஜனங்களுக்கே பிடிக்கலை. முதல்ல இருந்தபடியே மாத்துங்க" என்றார் அதிகாரி, தெம்பாக.

மாற்றியாயிற்று. தவறுதலாகக் கொடுத்துத் தொலைத்த இணைப்புகளை ரத்து செய்யக் கோரி அதிகாரி இயந்திரத்திடம் முறைப்படி விண்ணப்பித்தார். இயந்திரம் அவரையும் நாளை வரச் சொன்னது. இன்னும் தினம் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அக்காவின் மின்சாரம் அப்படித்தான் தப்பியது.

அந்தச் சந்தோஷத்தில் எழுத்தர் கடையைப் பார்க்கப் போனார். மிஷின்கள் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு அம்மாள் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"நாளைக்கு வாங்க" என்றாள் அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"அக்கா, யாரு, யாரோட சட்டைன்னுகூடக் கேக்கலையே! இஸ்திரி போட்டு வரிசையாத் தொங்குதே!"

"தொங்கட்டும்டா. கேட்டதும் எடுத்துக் குடுத்தா நம்ம தொழிலுக்கு என்ன மரியாதை?"

அந்த அம்மாளும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சரிங்க" என்று திருப்தியாக நடையைக் கட்டினாள்.