ஹாதோரிக்கு மட்டும் வாய் திறந்த ஸ்கேனர்

அன்புள்ள அக்காவுக்கு,

சிகுசா எழுதுவது. இங்கே தோயாமாவில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி எதுவும் காய்வதில்லை. உன் மீன் கிடங்கில் தரை வழுக்கும், பார்த்து நட. அத்தானுக்கு என் வணக்கம். நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சுகமில்லை. பொறாமையாக இருக்கிறது.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒரு பழைய கணினியைத் தூக்கிப் போட இருந்தார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத நான், மேசையைப் பார்த்துக்கொண்டே, "லினக்ஸ் போட்டா ஓடும்" என்று சொல்லிவிட்டேன். அது கணினியை இயக்குகிற ஒரு இலவச மென்பொருள். போட்டேன், ஓடியது. பக்கத்திலிருக்கும் பெட்டிதான் வம்பு. அச்சடிப்பது, நகலெடுப்பது, ஸ்கேன் செய்வது எல்லாம் அது ஒன்றேதான். அச்சு உடனே வந்தது. ஸ்கேன் மட்டும், கணினியின் தலைமைப் பயனராக நுழைந்து கேட்டால் வருகிறது. என் பெயரில் கேட்டால் 'ஸ்கேனர் எதுவும் இல்லை' என்கிறது. மேலதிகாரி யார், கடைநிலை யார் என்று அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது பார். பிரிவுத் தலைவர் முரோய் வந்து, "படிச்ச பொண்ணுன்னு நம்பி விட்டேம்மா. இன்னிக்குள்ள ஸ்கேன் வரணும். சரி பண்றவங்க பேரத்தான் மிஷின் மேல ஒட்டுவேன்" என்றார். நம் வீட்டில் முதலில் கல்லூரி போனவள் என்று நீ கிடங்கு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாயே, அந்தப் பெயர் ஒரு ஸ்டிக்கரிலாவது வரட்டும் என்று ஆசைப்பட்டேன். காலை முழுவதும் படித்துத் தேடி, ஸ்கேனரைத் தொட அனுமதி உள்ளவர்களின் குழுவில் என் பெயரைச் சேர்த்தேன். அப்போதும் இல்லை என்றது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். யாரும் பார்க்காதபோது அதற்குக் குனிந்து வணக்கமும் வைத்தேன். பிறகு எல்லோருக்கும் டீ போடப் போனேன்.

அந்த நேரத்தில் என் நாற்காலியில் ஹாதோரி உட்கார்ந்தாள். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள், அப்பா பேராசிரியர். இங்கே ஆவணத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் முத்திரையைக் குத்தும்போது, கீழே இருப்பவர்கள் அதை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்துவோம், மேலதிகாரியின் முத்திரைக்குக் குனிகிற மாதிரி. என்னுடையது குப்புறவே விழுந்து கிடக்கும். ஹாதோரியுடையது நட்டமாக நிற்கும். முரோய் அதைப் பார்த்து, "முதுகெலும்புள்ள பொண்ணு!" என்பார். நான் அப்படிக் குத்தினால் திமிர் என்பார். அவள் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாள், அவ்வளவுதான். ஸ்கேனர் விளக்கு ஓடியது.

"நான் ஒண்ணுமே பண்ணல சார். களைச்சுப் போன மாதிரி இருந்துச்சு, அணைச்சுப் போட்டேன்."

"கைராசின்னா இதுதாம்மா!" என்றார் முரோய்.

நான் கொடுத்த அனுமதி, கணினியிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் செல்லும். அதை மட்டும் மறந்திருந்தேன். சமையலெல்லாம் என்னுடையது, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தவள் அவள். 'பொறுப்பாளர்: ஹாதோரி' என்று ஒட்டினார்கள். டீத்தட்டோடு நின்று கைதட்டினேன், தட்டு விழுந்தது. தட்டை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். அழகாகக் குனிந்து எடுத்தாள், பாவி.

நீளமாக ஏதாவது அச்சடித்துப் பார் என்றார்கள். என்னிடம் நீளமாக இருப்பது உன்னிடம் சொல்லும் புகார் மட்டும்தான். உடம்பைப் பார்த்துக்கொள். வயிறு நிறையச் சாப்பிடு.

உன் தங்கை,
சிகுசா

பி.கு.: இதை அச்சுக்குக் கொடுத்தபோது தொலைபேசி அடித்தது, எழுந்து போனேன். அச்சுத் தட்டில் கிடக்கும் எந்தத் தாளையும் எல்லோரும் படித்து, முத்திரை குத்தி, அடுத்தவருக்குத் தள்ளுவது எங்கள் அலுவலக வழக்கம். இதையும் அப்படியே தள்ளிவிட்டார்கள். முரோய் ஒரு பிழையைச் சிவப்பு மையில் திருத்தியும் இருக்கிறார். ஹாதோரி நேராக என்னிடம் வந்தாள். "ஏண்டி, அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அந்த மிஷின் நின்னா இனி எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது. பொறுப்பாளராம்!" என்று நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். இப்போது அங்கே என் பெயர். ஆகையால் மேலே எழுதியது எதையும் நம்பாதே. இந்தக் கடிதத்தின் அடியில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரையை மட்டும் பார்: ஹாதோரியுடையது, என் பக்கமாக நன்றாகச் சாய்ந்திருக்கிறது. உனக்கு அனுப்புமுன் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். முதல் தடவையிலேயே வந்தது.