முப்பத்தொன்றாம் பெட்டியும் முன்வரிசைச் சீட்டும்

பாசமும் மரியாதையும் குறையாத சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் கொழுந்தியாளும் நம் பெண்ணும் நலம். என் வழுக்கையில் மட்டும் ஒரு பறவை கொத்திய காயம், அதுவும் ஆறி வருகிறது. அங்கே உங்கள் நலத்தையும் அண்ணியின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் 'ரத்தம்' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. எட்டு மாதக் குழந்தையாக எங்கள் கையில் நீங்கள் கொடுத்த பெண் அடுத்த மாதம் தன் ஆராய்ச்சியைப் பேராசிரியர்கள் முன் எடுத்துச் சொல்லப்போகிறாள், அந்த மூளை உங்கள் ரத்தம், தானாடாவிட்டாலும் தன் தசையாடும், ஆகவே பெற்றோருக்கென்று ஒதுக்கிய இரண்டே சீட்டில் அப்பாவின் சீட்டு உங்களுக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுத்தேன் என்பது பெரிய வெட்கக்கேடு, கேளுங்கள்.

கல்லூரிக்குப் பின்னாலுள்ள காட்டில் அவள் அறுபது மரப்பெட்டிகள் மாட்டியிருக்கிறாள். சின்னச் சின்னப் பறவைகள் அவற்றில் கூடு கட்டும். பொரித்த மறுநாளே இந்தக் கூட்டுக் குஞ்சுகளில் பாதியை அந்தக் கூட்டுக்கும், அங்கிருந்து பாதியை இங்கேயும் மாற்றிவிடுவாள். தாய்ப்பறவைக்கு வித்தியாசமே கிடையாது, வாயைத் திறந்ததற்கெல்லாம் புழுதான். அப்புறம் எடைபோட்டுப் பார்ப்பாள்: குஞ்சு பெற்றவளைப் போல வளர்கிறதா, ஊட்டியவளைப் போல வளர்கிறதா, எது பிழைத்து அடுத்த வருடம் திரும்பி வந்து தானும் கூடு கட்டுகிறது என்று. முதல்முறை கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நம் வீட்டுக் கதையை எந்தப் பாவி இவளுக்குப் பாடமாகக் கொடுத்தான்?

முப்பத்தொரு வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவன் என்று என்னையே எடை எழுத அழைத்துப்போனாள். டன் கணக்கில் பழகிய கண்ணுக்குப் பதினோரு கிராம் பிடிபடவில்லை. முதல் நாள் குஞ்சைப் போட்ட துணிப்பையின் எடையைக் கழிக்க மறந்துவிட்டேன், காட்டிலிருந்த நோஞ்சான்களெல்லாம் ஒரே நாளில் பயில்வான்களாகிவிட்டன. இரண்டாம் நாள்தான் வழுக்கையில் கொத்து. மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அன்று முப்பத்தொன்றாம் பெட்டியில், அடையாளத்துக்கு அவள் காலில் சிவப்பு வளையம் போட்ட ஒரு குஞ்சு இளைத்துக் கிடந்தது. சிவப்பு என்றால் வெளியிலிருந்து வந்தது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை. வளர்ப்புக் குஞ்சு இளைத்தால் சகலை ஜெயித்துவிடுவாரே! ஒரு கிலோகூடப் பொய் எடை எழுதாத இந்தக் கை, தூண்டில் கடையில் புழு வாங்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, குளிர்பெட்டியில் ஒளித்து, நான்கு நாள் அந்தச் சிவப்புக்குத் திருட்டுத்தனமாக ஊட்டியது. டப்பாவை உங்கள் கொழுந்தியாள் திறந்துவிட்டாள். அவள் போட்ட அலறலில் மாடிவீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

ஊட்டத் தொடங்கிய ஐந்தாம் நாள் எடை. "அப்பா, இந்தச் சிவப்பு மட்டும் ஏன் இப்படி ஊதிக் கெடக்கு?" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். அதிலிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தது. நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டேன்.

"சிவப்பு இந்தக் கூட்டுலயே பொறந்ததுப்பா. வெளிய இருந்து வந்தது நீலம்."

நீல வளையக் குஞ்சைத் தராசுத் தட்டில் வைத்தாள். என் புழு ஒன்றைக்கூடத் தின்னாத அது, பிறந்த கூட்டிலிருந்த தன் உடன்பிறப்புகளைவிட ஒரு கிராம் கூடுதலாக இருந்தது! நான் துள்ளிவிட்டேன். "துள்ளாதீங்க. சிவப்புக்கு நீங்க ஊட்டுனதால தாய் கொண்டுவர்ற புழுவுல நீலத்துக்குப் பங்கு கூடியிருக்கும். இந்தக் கூட்டையே கணக்குல இருந்து அடிச்சிடணும்" என்று நோட்டில் ஒரு கோடு கிழித்தாள். எனக்கிருந்த ஒரே சாட்சி, அதையும் நானே கெடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

திரும்பும் வழியில் மெல்லக் கேட்டேன். "அப்போ பெத்ததா, வளர்த்ததா? ஒரு வார்த்தையில சொல்லும்மா."

"ஒரு வார்த்தையில வராதுப்பா. கால் நீளம் பெரும்பாலும் பெத்தவங்க மாதிரி. எடை பெரும்பாலும் ஊட்டுறவங்க கையில. மழை சரியில்லாத வருஷம்னா புழுவே இருக்காது, அப்போ ரெண்டு பேராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் கால் உங்கள் கால்தான், சகலை. நான் ஏணி போடும் பெட்டியை அவள் நின்றபடியே எட்டுகிறாள். அதை ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருட உழைப்பில் ஒரு கூட்டை நான் கெடுத்துவிட்டேன், பொய் எடை போட்டவனுக்கு முன்வரிசை எதற்கு? நீங்களே உட்காருங்கள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், இன்னொரு பொய் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நூறாண்டு எடை குறையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எடைமேடை சகலை

பி.கு.: உறைக்குள் சீட்டு இல்லை, தேட வேண்டாம். தபாலில் போடக் கொடுத்தபோது நம் பெண் உறையைக் குஞ்சுத் தராசில் வைத்து, தட்டை இரண்டு தட்டு தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சிறு வயதில் எடைமேடையில் என் மடியில் உட்கார்ந்து பழகியது அது. "ரெண்டு தாளுக்கு இவ்வளவு கனம் வராதே" என்று பிரித்து, சீட்டை எடுத்து, புழு இருந்த என் சட்டைப்பையிலேயே செருகிவிட்டாள். "பெரியப்பாவுக்கு ரெண்டாவது வரிசையில நானே எடம் பிடிச்சுத் தரேன். கால் நீளம்தானே, எட்டிப் பார்த்துக்குவாரு" என்றாள்.