கத்துக்குட்டியும் கறாரும்

"கேள்வி எங்க?" என்று கேட்டார் மேலாளர்.

அவன் திரையைப் பார்த்தான். 'பயனர் கேள்விகள்' என்ற தலைப்பின் கீழே ஒன்றுமில்லை. மேலாளர் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காராமல் பேசினால் விஷயம் பெரிது.

"எடுத்துக்காட்டெல்லாம் போட்டாச்சு மேடம். ஆவணமும் எழுதியாச்சு."

"அது தெரியுது. படிச்சவங்க எங்க?"

அந்த நிறுவனத்தில் அவன் ஒரு டிஸ்க் இமேஜ் லைப்ரரியைப் பராமரித்து வந்தான். ஒரு கணினியின் வட்டில் இருப்பதையெல்லாம், குப்பை உட்பட, அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்தால் அது டிஸ்க் இமேஜ். அந்தக் கோப்பைத் திறந்து உள்ளே கை விட மற்றவர்களுக்கு உதவும் நிரல்களின் தொகுப்புதான் லைப்ரரி. நல்ல லைப்ரரி. யாரும் பயன்படுத்தவில்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடினமான நிரல்மொழியில் எழுதியிருப்பதால்தான் ஆள் வரவில்லை என்று மேலாளர் கண்டுபிடித்தார். பைத்தான் மாதிரி எளிய ஸ்கிரிப்ட் மொழியில் நாலு நாலு வரியாக எடுத்துக்காட்டு போட்டு, கூடவே ஆவணமும் எழுதி வைத்தால் வந்துவிடுவார்கள் என்றார். அவன் எழுதி வைத்தான். வரவில்லை.

"ஒருத்தருக்குக் கூட சந்தேகம் வரலன்னா ஒருத்தரும் தொடலன்னு அர்த்தம்" என்றார் மேலாளர். "காலாண்டு முடிஞ்சதும் இயக்குநர் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார். இப்படியே இருந்தா இழுத்து மூடிடுவார்."

"மூடிட்டா நான்?"

"மலைக்கு அந்தப் பக்கம் நம்ம கிளை ஒண்ணு இருக்கே. போன்ல புகார் கேக்கற வேலை. நல்ல காத்து வரும்."

மாலையில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் மின்சுவிட்சு செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். போன மாதம்தான் பிரிவுத் தலைவி ஆனாள். அவள் போட்டு அணைத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் சுவிட்சு பெட்டிக்குள் போகும்.

"காத்தை வச்சுகிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். "மலைக்கு அந்தப் பக்கம் சுவிட்சு ஃபேக்டரி இருக்கா?"

"இல்ல."

"அப்போ நீங்க மட்டும் போகணும். இல்லாட்டி நான் வேலையை விடணும்."

"ரெண்டும் வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லிட்டா ஆச்சா?" போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். "யாராவது நாலு கேள்வி கேட்டாப் போதுமா?"

"போதும். யாரு கேப்பா?"

"அந்த ஆவணத்தைப் புரியற மாதிரிதானே எழுதியிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

"ஓஹோ."

அந்த ஓஹோவுக்குப் பிறகு வழக்கமாக ஒரு சண்டை நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பார். அன்று இருவருக்கும் தெம்பில்லை. போர்வை மடிந்ததும் ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள்.

நாலு கேள்வி என்பது அவன் மனதில் தங்கிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு 'கத்துக்குட்டி' என்ற பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினான். "நான் இத்துறைக்குப் புதியவன். இமேஜ் கோப்பைத் திறப்பது எப்படி?" என்று கேட்டான். பிறகு தன் சொந்தப் பெயரில் வந்து, "நல்ல கேள்வி" என்று தொடங்கிப் பொறுமையாகப் பதில் சொன்னான். கத்துக்குட்டி நன்றி தெரிவித்தான். மூன்று பதிவும் பார்க்க மரியாதையாக இருந்தன.

"ஒருத்தர் வந்துட்டார் போல" என்றார் மேலாளர். இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அடுத்த நாள் இன்னொருவர் வந்தார். பெயர் கறார்.

"மூன்றாம் எடுத்துக்காட்டு ஓடவில்லை. 'மேலே சொன்னபடி கோப்பைத் திறந்த பிறகு' என்று ஆவணம் கூறுகிறது. மேலே எதுவும் சொல்லப்படவில்லை. மேலே தலைப்பு மட்டுமே இருக்கிறது."

அவன் அதை இரண்டு தடவை படித்தான். உண்மையான மனிதர். உண்மையாகப் படித்திருக்கிறார். மேலே போய்ப் பார்த்தான். தலைப்புதான் இருந்தது. விட்டுப்போன பத்தியை எழுதிச் சேர்த்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

கறார் அதோடு விடவில்லை. "நான்காம் எடுத்துக்காட்டை ஓட்டுவதற்கு 'கடைசிக்கும் கடைசி' என்ற பெயரில் ஓர் அடைவு கணினியில் இருக்க வேண்டுமா? எல்லாரிடமும் அது இருக்கும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?"

அது அவனுடைய சொந்தக் கணினியில் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த அடைவு. மாற்றினான். ஐந்தாம் எடுத்துக்காட்டில் இமேஜுக்குள் எழுதிய கோப்பை மூடாமல் விட்டிருந்தான். எழுதியது எதுவும் வட்டில் ஏறவில்லை. அதையும் கறார்தான் சொன்னார். ஆறாவதிலும் ஏழாவதிலும் வெவ்வேறு பிழைகள். அவன் திருத்தத் திருத்த அவர் வந்துகொண்டே இருந்தார். பக்கம் நிரம்பியது.

மேலாளர் மறுபடியும் எழுந்து நின்றார்.

"கேள்வி வரணும்னுதான் சொன்னேன். இது பூரா வசவா இருக்கே. இயக்குநர் படிச்சா என்ன நினைப்பார்? யாராவது நல்ல வார்த்தை சொல்ல மாட்டாங்களா?"

யாராவது என்றால் ஒருவன்தான் இருந்தான். கத்துக்குட்டி எழுதினான்: "எனக்கு எட்டு எடுத்துக்காட்டுகளும் அருமையாக ஓடுகின்றன. கறார் அவர்கள் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்."

பதில் உடனே வந்தது. "எட்டாவதில் அடைப்புக்குறியே மூடவில்லை. அது உங்களுக்கு ஓடியது எப்படி என்று படிப்படியாக விளக்கவும்."

அவன் அவசரமாக அடைப்புக்குறியை மூடினான். கத்துக்குட்டி, "மூடித்தானே இருக்கிறது" என்று எழுதினான்.

"இப்போதுதான் மூடப்பட்டது. கத்துக்குட்டி ஓட்டிப் பார்க்காமலே ஓடியது என்கிறார். பார்த்ததைச் சொல்லத் தெரியாதவர் பேசாமல் இருக்கலாம்."

"குறை கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு எதுவும் சரியாகப் படாது."

"வேலையைப் பாதியில் விட்டுவிட்டு முடித்துவிட்டேன் என்று சொல்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் படும்."

சண்டை சூடு பிடித்தது. எழுதியவன் என்ற முறையில் இருவருக்கும் பொதுவாக, பணிவாகப் பதில் சொல்வது அவன் வேலை. அது முடிந்ததும் கத்துக்குட்டியாக மாறிக் கறாரை ஒரு பிடி பிடிப்பான். வாழ்க்கையில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. மேலாளரிடம் சொல்ல முடியாதது, வங்கியில் சொல்ல முடியாதது, வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் வாயடைக்கப்படுவது எல்லாம் கறாருக்குப் போய்ச் சேர்ந்தன. கறாரும் சளைக்கவில்லை. சண்டைக்கு நடுவே பிழைகளையும் விடாமல் சுட்டிக்காட்டி வந்தார். ஆவணம் நாளுக்கு நாள் நன்றாக ஆயிற்று.

கறார் எப்படிப்பட்டவர் என்று அவன் மனதுக்குள் ஓர் உருவம் வைத்திருந்தான். ஓய்வு பெற்ற ஆள். கத்தரித்த மீசை. சட்டைப்பையில் இரண்டு பேனா. நிச்சயம் பிரம்மச்சாரி. இப்படி ஒரு ஆளை எந்த ஜீவன் கட்டிக்கொண்டு மாரடிக்கும்?

கறாருக்கும் இதே போல் ஓர் எண்ணம் இருந்தது. "கத்துக்குட்டியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது" என்று ஒருநாள் எழுதினார்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் நடந்தது. வீட்டில் சண்டை நின்றுபோயிற்று. அவன் கோபத்தையெல்லாம் கேள்விப் பக்கத்தில் கொட்டிவிட்டு வெறும் ஆளாக வீடு திரும்பினான். மனைவியும் தணிந்திருந்தாள். துணியை நனைத்து வைத்து மறந்தான். அவளே பிழிந்து போட்டாள். அவள் குடையைத் தொலைத்துவிட்டு வந்தாள். போனால் போகிறது என்றான். தரச் சோதனை அறிக்கைகள் நிறைய என்று பழைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விடுவாள். அவனும் முன்னறையில் தன் வேலையைப் பார்ப்பான். இடையிடையே அவள் எழுந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டார்.

"ஊர்ல இல்லையா சார்?"

"இங்கதானே இருக்கோம்."

"சத்தமே காணோமேன்னு கேட்டேன்" என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

கேள்விப் பக்கத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் சண்டையை வேடிக்கை பார்க்க வந்தார்கள். கத்துக்குட்டி கட்சி, கறார் கட்சி என்று பிரிந்தார்கள். யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடின. சிலர் லைப்ரரியைத் தங்கள் வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

மேலாளர் அவனைத் தன் அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். அவரே நேர்ல வர்றார்."

"ரொம்ப நல்லது மேடம்."

"ஆனா அவருக்கு ஒரு சந்தேகம். எண்ணிக்கையை ஏத்தறதுக்காகப் போலிப் பேர்ல எழுதிக்கறாங்களாம், இன்னொரு கிளையில. பிடிச்சுட்டார். அந்தக் கிளையே இப்ப இல்ல."

அவன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"நான் சொல்லிட்டேன், எங்க கத்துக்குட்டியும் கறாரும் சொக்கத் தங்கம்னு. ரெண்டு பேரையும் மேடையில ஏத்தி, கை குலுக்க வச்சு, சால்வை போடறதா ஏற்பாடு. வெள்ளிக்கிழமை. ரெண்டு பேரும் வந்தா லைப்ரரி நிரந்தரம். ஒருத்தர் வரலன்னாலும் மலைக்கு அந்தப் பக்கம்தான். நானும் உங்களோட வர வேண்டியிருக்கும்."

"வர ஒத்துக்கிட்டாங்களா?"

"கறார் உடனே எழுதிட்டார். அந்தக் கத்துக்குட்டி முகத்தை ஒரு தடவை பார்க்கணுமாம். கத்துக்குட்டிதான் இன்னும் பதில் போடல."

அவன் தன் மேசைக்குத் திரும்பிப் போய், வருகிறேன் என்று பதில் போட்டான்.

இனி ஆள் பிடிக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நண்பர்களிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. யோசித்துப் பார்த்ததில் மைத்துனன் ஒருவன்தான் தேறினான். மனைவியின் தம்பி. ஃப்ரிட்ஜ் கடையில் விற்பனையாளன். ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசக்கூடியவன்.

மதிய இடைவேளையில் கடைக்குப் போனான். வாடிக்கையாளர் யாருமில்லை. மைத்துனன் ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக் குளிர்ச்சியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"மச்சான், ஒரு உதவி வேணும். அக்காவுக்குத் தெரியக் கூடாது."

மைத்துனன் ஃப்ரிட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தினான். "சொல்லுங்க மாமா."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். லைப்ரரி, கத்துக்குட்டி, இயக்குநர், சால்வை. மைத்துனனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. பயப்படுகிறான் என்று அவன் நினைத்தான்.

"ஒண்ணும் கஷ்டமில்ல. டிஸ்க் இமேஜ்னா என்னன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதாவது..."

"வட்டுல இருக்கறதைக் குப்பையோட சேர்த்து அப்படியே ஒரே கோப்பாப் படியெடுக்கறது" என்றான் மைத்துனன்.

"பரவாயில்லையே. உனக்கு யாரு சொன்னா?"

"இங்க வந்தவங்க ஒருத்தர் சொன்னாங்க."

"பாரு, லைப்ரரி எவ்வளவு தூரம் பரவியிருக்கு." அவனுக்குப் பெருமையாக இருந்தது. "சரி, முக்கியமான விஷயம் அந்தக் கறார். மேடையில உன் பக்கத்து நாற்காலியில உட்காருவான். குத்திக் குத்திக் கேப்பான். நீ அசரக் கூடாது. அவன் ஒரு..."

"மாமா, நாம வேற ஏதாவது பேசலாமே."

"இரு, நீ தெரிஞ்சுக்கணும். அவன் மனுஷனே இல்ல. கூட இருக்கறவங்க உயிரை எடுக்கறதுக்குன்னே பிறந்த ஜென்மம். அவனோட ஒரு நாள் குடும்பம் நடத்த முடியுமா சொல்லு?"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா. பின்னால கஷ்டப்படுவீங்க."

"நீ ஏண்டா அந்த ஆளுக்குப் பரிஞ்சு பேசற?"

மைத்துனன் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான். கடை வாசலைப் பார்த்தான். ஒரு வாடிக்கையாளராவது வரமாட்டாரா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. யாரும் வரவில்லை.

"வேற யாரையாவது கேட்டுப் பாருங்களேன்."

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? வெளி ஆளை நம்பிச் சொல்ல முடியுமா? உங்க அக்கா வேலை உன் கையிலதான் இருக்கு."

"அது தெரியும் மாமா. நல்லாவே தெரியும்."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காதா? நான் வேணா உங்க முதலாளிகிட்ட பேசறேன்."

"லீவெல்லாம் போட்டாச்சு."

"போட்டாச்சா? நான் இப்பதானே வந்து சொல்றேன்?"

மைத்துனன் ஃப்ரிட்ஜை மறுபடியும் திறந்தான். அதற்குள்ளே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அதே வெள்ளிக்கிழமை, அதே மேடையில, தனக்குப் பதிலா கறாரா வந்து உட்காரணும்னு நேத்தே அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டா மாமா."